கழுவி வைத்த பதினான்கு கற்கள்

திருகோணமலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கோணேசரைக் கும்பிட வருகிறார்கள். மீதிப்பேர் திமிங்கிலம் பார்க்கவும் கடலில் குளிக்கவும் வருகிறார்கள். நான் ஒரு பாறையிடம் பழைய காலத்து வானிலையை விசாரிக்க வந்தேன். இதை எப்படிச் சொன்னாலும் கேட்பவருக்குச் சந்தேகம் வரும் என்பதால், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் கேட்டபோது “வேலை விஷயமா வந்தேன்” என்று மட்டும் சொன்னேன். என்ன வேலை என்றார். கல்லு வேலை என்றேன். என் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்த் துண்டுகளை எடுத்து, “சாப்பிடுங்கோ, பாவம்” என்று பாதியை என்னிடம் தந்தார். மறுக்க மனம் வரவில்லை. இறங்கும்வரை நான் கல்லுடைக்கும் கூலிப்பெண்ணாகவே இருந்தேன்.

உண்மையில் நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் புவிவேதியியல் நடத்துகிறவள். கல்லுக்குள் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அது பிறந்தபோது பூமி எப்படி இருந்தது என்று ஊகிப்பது எங்கள் பிழைப்பு. மிகப் பழைய கடல்களின் அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு, அன்றைய கடலில் இருந்த கரியை, அதாவது கார்பனை, தனக்குள் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கரியில் கனமானதும் இலேசானதும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்த்தால், உலகம் அப்போது பனியில் உறைந்து கிடந்ததா, வெப்பத்தில் வாடியதா என்பதற்குத் துப்புக் கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால், இங்கே அந்தச் சேறு சும்மா கிடக்கவில்லை. மலைகள் எழும்பிய காலத்தில் பூமிக்குள் ஆழப் புதைந்து, வெந்து, பளிங்காகிவிட்டது. இப்படி வெந்து வேறாகிப்போனவற்றைத்தான் உருமாறிய பாறைகள் என்கிறோம். அத்தனை வேக்காட்டுக்குப் பிறகும் கடலின் நினைவு கல்லில் மிச்சம் இருக்குமா? பல வருடங்களாக என்னைப் பிடித்து ஆட்டுகிற கேள்வி இது. ஒரு காலத்தில் இந்தக் கரையும் எங்கள் ஊர்ப் பக்கமும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தவைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் நான் குறித்து வைத்திருந்த பளிங்கையெல்லாம் நான் போய்ச் சேருவதற்குள் வெட்டி சிமெண்டு மூட்டையாக்கிவிட்டார்கள். கொட்டியாரக் குடாவின் ஓரத்தில், வள்ளத்தில் மட்டுமே போகக்கூடிய ஒரு சிறிய பாறைமுனையில், பளிங்குப் படைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வரிசை குலையாமல் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். கல் எடுக்க அனுமதி ஐந்தே நாளுக்குக் கிடைத்தது. இன்னொரு முறை கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து ஏறிய ஓட்டோ இரண்டாவது திருப்பத்திலேயே நின்றுவிட்டது. இயந்திரக் கோளாறு என்று நினைத்தேன். சாலையின் நடுவில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. எங்கள் ஊரில் மாடு படுத்திருக்குமே, அந்தச் சுவாதீனத்தோடு. ஓட்டோக்காரர் ஹார்ன் அடிக்கவில்லை. “இப்ப எழும்பும்” என்றார். பத்து நிமிடம் கழித்து ஒரு கலைமான் எழுந்து, என் முதுகுப் பையை முகர்ந்துவிட்டுத்தான் வழி விட்டது. கோபக்காரி என்று பெயர் எடுத்த எனக்கு அன்று ஏனோ கோபம் வரவில்லை.

நான் தங்கிய வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர் யோகம் அக்கா, அறுபதை நெருங்குகிற வயது. முன் அறையில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறார். பின் அறையை என்னைப் போன்றவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார். வாசலில் கால் வைத்ததுமே, “மிஸ், செருப்பைக் கிணத்தடியிலை கழுவிப்போட்டு வாங்கோ. கடற்காத்து பட்ட சாமான் ஒண்டும் கழுவாமல் உள்ளுக்கை வரக்கூடாது. உப்பு எல்லாத்தையும் திண்டுபோடும்” என்றார். அலுமாரியின் கீல், நாற்காலியின் ஆணி, தையல் மெஷினின் சக்கரம் எதிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. இந்த ஊரில் இப்படித்தான், அவர் கொஞ்சம் கூடுதல் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டும் பாரைமீன் குழம்பும். ரசம் உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஒரு கிண்ணத்தில் சொதி கொண்டுவந்து வைத்தார். தேங்காய்ப்பாலும் மஞ்சளும் எலுமிச்சைப் புளியும் சேர்ந்த அந்த மஞ்சள் நீரைக் குடித்த பிறகு, அந்த வாரம் முழுவதும் நான் ரசத்தை நினைக்கவில்லை. என் அம்மா இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் ஜௌபர் நானா வள்ளத்தோடு வந்தார். கிண்ணியாக்காரர், பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் பெண் எடுத்தவர், குடாவின் ஒவ்வொரு கல்லையும் தெரிந்தவர். நானா என்றால் அண்ணன். எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதால் நானும் கூப்பிட்டேன். கடற்படைக் காவலரணில் பெயர் பதிந்துவிட்டுப் புறப்பட்டோம். “மிஸ், பத்து மணிக்குக் கச்சான் எழும்பும். அதுக்குப் பிறகு அந்த முனையில வள்ளத்தப் பிடிக்க ஏலா. நான் வாங்க எண்டா வந்திரணும்” என்றார். கச்சான் என்பது அந்த மாதங்களில் தரையிலிருந்து வீசும் காய்ந்த காற்று. சரி என்று தலையாட்டினேன்.

அந்தப் பாறையை முதலில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. வெளியே வெயிலும் மழையும் பட்டுச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் உள்ளே வெள்ளை வெளேரென்று, கற்கண்டு உடைத்தாற்போல் பளிச்சிட்டது. இடையிடையே கரும்புள்ளிகளாகப் பென்சில் கரி. கீழிருந்து மேலாகப் பதினான்கு படைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு உடைத்து, துணிப்பையில் போட்டு, எண் எழுதிய சீட்டை உள்ளே வைத்து, பையின் மேலும் அதே எண்ணை எழுதினேன். நாடாவால் அளந்து, எந்த உயரத்தில் எந்த எண் என்று குறிப்பேட்டில் படம் போட்டேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. கரையேறியதும் ஜௌபர் நானா பாண் ரொட்டியும் பருப்பும் நீட்டினார். கையெல்லாம் கல்தூளோடு சாப்பிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. கல்லின் மேலேயே எண்ணை எழுத வேண்டும். வருடா வருடம் மாணவர்களுக்குத் தொண்டை வறளச் சொல்கிற முதல் பாடம் அது. கற்கள் கடல்நீரில் நனைந்திருந்ததால் மை ஒட்டவில்லை. காய்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று பைகளைப் பின் விறாந்தையில் வரிசையாக வைத்துவிட்டுப் படுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கோணேசர் கோயிலுக்குப் போனேன். சாமியைவிட அவர் நிற்கிற பாறையைத்தான் அதிக நேரம் பார்த்தேன் என்பதை அவர் மன்னிப்பார். திரும்பும்போது கடையில் பிளேன்டீயும் றோல்சும் சாப்பிட்டேன். உற்சாகமாக வீட்டுக்கு வந்து பின்பக்கம் போனால், கொடியில் பதினான்கு துணிப்பைகள் வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஓர் எழுத்துக்கூட இல்லை. கிணற்றடியில் ஒரு பாய். பாயின் மேல் என் கற்கள், குளித்து முடித்த பிள்ளைகளைப் போல, ஒரே குவியலாக.

யோகம் அக்கா கை துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. “எல்லாம் ஒரே உப்பு மிஸ். பிறஷ் போட்டுத் தேய்ச்சனான். பையளைச் சவர்க்காரத் தண்ணியிலை அவிச்சு எடுத்தனான். உள்ளுக்கை கடதாசித் துண்டுகள் கிடந்தது. முக்கியமானதெண்டு விளங்கிச்சுது. ஒண்டும் எறியயில்லை” என்று சொல்லிப் பதினான்கு சீட்டுகளையும் என் கையில் தந்தார். ஈரம் காயவைத்து, மடிப்பு நீக்கி, ஒன்று முதல் பதினான்கு வரை எண் வரிசைப்படி அடுக்கி, தையல் ஊசியால் குத்தி வைத்திருந்தார்.

பேசினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழுவியதால் கல்லுக்குக் கேடு ஒன்றும் இல்லை. ஆய்வகத்தில் நானே மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதைத்தான் எடுப்பேன். போனது வரிசை. எந்தக் கல் எந்தப் படை என்று தெரியாவிட்டால், கடல் முதலில் குளிர்ந்து பிறகு சூடானதா, சூடாகிப் பிறகு குளிர்ந்ததா என்று எப்படிச் சொல்வது? பக்க எண் இல்லாமல் கலைந்துபோன புத்தகம் அது. பதினான்கும் பார்வைக்கு ஒரே வெள்ளை. அனுமதி இன்னும் இரண்டு நாளில் முடிகிறது. புதிதாக உடைக்கவும் முடியாது. ஒரு படைக்கு ஒரு துண்டு என்பது அனுமதிக் கடிதத்திலேயே இருந்தது.

என் முகத்தைப் பார்த்து யோகம் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “ஏன் மிஸ், பிழை ஏதும் செய்துபோட்டனே?” என்றார். இல்லை என்று பொய் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் பாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கல்லைக் கையில் எடுத்து, உடைந்த பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“மிஸ், இதை உடைச்ச இடம் அங்கை அப்பிடியே இருக்குமே?”

“இருக்கும் அக்கா. பாறை சாம்பல் நிறம், உடைச்ச இடம் மட்டும் வெள்ளையா இருக்கும்.”

“அப்ப கொண்டுபோய்ப் பொருத்திப் பாப்பம். வெட்டின துணியிலை எந்தக் கை எந்தத் தோளுக்கு எண்டு பாக்கிறதில்லையே? நான் கழுவினதை நான்தான் கொண்டுவந்து வைக்கவேணும்.”

இத்தனை வருடம் கல்லோடு குடித்தனம் நடத்துகிறேன். இந்த யோசனை எனக்கு வரவில்லை. கோபம் கண்ணை மறைத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். பள்ளங்களின் எண்கள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. கல்லைப் பள்ளத்தில் பொருத்திவிட்டால் வரிசை திரும்பி வந்துவிடும்.

நான்காம் நாள் விடியும்போதே கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. வள்ளம் போகாது என்று ஜௌபர் நானா கைபேசியில் சொன்னார். நாள் முழுவதும் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். யோகம் அக்கா சட்டைகளுக்குப் பட்டன் தைத்தார். மத்தியானம் எனக்குக் கணவாய்க் கறி வைத்தார், தான் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் கடல் படுத்துவிட்டது. அன்று மாலையே எனக்குப் புறப்பாடு. துறையில் யோகம் அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் ஜௌபர் நானா எஞ்சினை விட்டுவிட்டு எழுந்து நின்றார். “யோகம், நீங்க வாறீங்களா? வள்ளத்தில ஏறி இருவது வருசம் இரிக்குமே” என்றார். “ஓம். இண்டைக்கு ஏறிறன்” என்றார் அவர். இந்தக் கரையில் இருபது வருடம் என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வருடத்துச் சுனாமி யாரிடமிருந்து எதைக் கொண்டுபோனது என்று நானும் கேட்கவில்லை. வள்ளம் நகர்ந்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். முனை போய்ச் சேரும்வரை விடவில்லை. பதிந்த விரல் தடம் இறங்கிய பிறகும் தெரிந்தது.

பாறையில் ஏறியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். நான் நாடாவைப் பிடித்து “இது ஒன்று, இது இரண்டு” என்று பள்ளங்களைக் காட்டினேன். அவர் கற்களை மடியில் கொட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நிறத்தைப் பார்த்துத் தேடினேன், மூன்றுமுறை ஏமாந்தேன். அவர் விளிம்பை மட்டும் பார்த்தார். முதல் கல் நான்காம் பள்ளத்தில் உட்கார்ந்தபோது ‘டக்’ என்று சின்னச் சத்தம் கேட்டது. உட்கார்ந்த பிறகு கோடு மட்டும்தான் தெரிந்தது. என்னையறியாமல் அவரைக் கட்டிக்கொண்டேன். “விடு பிள்ளை, விழுந்துபோவன்” என்றார்.

கல்லின் மேல் உடனுக்குடன் எண் எழுதினேன். இந்த முறை எல்லாம் காய்ந்திருந்தன. மூன்று, ஒன்பது, ஒன்று, பதினான்கு. சில கற்களின் முனை சுத்தியல் அடியில் நொறுங்கிப் போயிருந்தது. அவற்றுக்கு நேரம் பிடித்தது. ஜௌபர் நானாவும் வள்ளத்தைக் கட்டிவிட்டு ஏறிவந்து, “இது அதோட தம்பி மாதிரி இரிக்கி” என்று பக்கத்துப் படைக் கற்களைக் காட்டிக்கொடுத்தார். ஒன்பதரைக்குள் பன்னிரண்டு கற்கள் வீடு சேர்ந்துவிட்டன.

மிஞ்சியவை இரண்டு கற்களும், ஆறாம், பதினோராம் பள்ளங்களும். இரண்டு கல்லுமே அடிவிளிம்பு நொறுங்கியவை. ஒன்று ஆறில் ஏறக்குறைய உட்கார்ந்தது, பதினொன்றிலும் ஏறக்குறைய உட்கார்ந்தது. தண்ணீரின் முகத்தில் சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது. “மிஸ், காத்து எழும்பிட்டு” என்றார் ஜௌபர் நானா. எனக்குக் கை பரபரத்தது. பதினான்கும் கிடைத்தால் வரைபடம் முழுமையாக இருக்கும். ஆறு என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

“இது இல்லை, பிள்ளை” என்றார் யோகம் அக்கா. “பொருந்தின மாதிரி இருக்குது. பொருந்தயில்லை.”

“கிட்டத்தட்டச் சரியா இருக்கே அக்கா.”

“கிட்டத்தட்ட எண்டு தைச்சால் பிள்ளையள் கையைத் தூக்கேக்கை கிழியும்.”

பேனாவை மூடினேன். எந்தப் படை என்று தெரியவில்லை என்று இரண்டையும் குறிப்பேட்டில் எழுதினேன். யார் தவறுக்கு யார் பொறுப்பு ஏற்கிறார்கள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். கல்லின் மேல் எழுதாதது நான். கழுவியவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இருபது வருடம் ஏறாத வள்ளத்தில் ஏறி வந்திருக்கிறார். திரும்பும் வழியில், அலை தூக்கித் தூக்கிப் போட்டபோது, பிழை என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, மணிக்கட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

ஊருக்கு வந்த பிறகு வழக்கமான கூத்துதான். தேர்வு, விடைத்தாள், துறைக்கூட்டம். கற்களை அரைத்துத் தூளாக்கி அளவுக்கு அனுப்பி, முடிவு வந்து சேர ஐந்து மாதமாயிற்று. இடம் தெரிந்த பன்னிரண்டையும் வரிசைப்படி புள்ளி வைத்துப் பார்த்தேன். பாறைமுனையின் அடியில் ஒரு கருங்கல் நரம்பு ஓடுகிறது. ஒரு காலத்தில் உருகி ஏறிய குழம்பு அது. அதற்குப் பக்கத்தில் இருந்த கீழ்ப்படைகள் ஏழிலும் கடலின் நினைவு அழிந்துபோயிருந்தது. தள்ளியிருந்த மேல்படைகளில் ஐந்து கற்களில் அது இருந்தது. அவ்வளவு வெந்த பிறகும் இருந்தது. வரிசை தெரியாமல் இந்த எண்களைக் கலந்து பார்த்திருந்தால், அழிந்ததையும் இருந்ததையும் சேர்த்து, நடக்காத ஒரு பனிக்காலத்தை நடந்ததாக எழுதியிருப்பேன். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு யோகம் அக்காவுக்குப் போன் செய்தேன். இந்த ஐந்து மாதத்தில் அதுதான் முதல் போன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மகிழ்ச்சியில் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் மெல்லக் கேட்டார்: “அந்த ஏழிலையும் அழிஞ்சுபோச்செண்டுறியள். அது நான் தேய்ச்சுக் கழுவினதாலையோ பிள்ளை?”

ஐந்து மாதமாக அவர் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லையக்கா, நீங்கள் கழுவியது மேல்தோலைத்தான் என்றேன். மலை எழும்பிய காலத்தில் அந்தக் கருங்கல் குழம்போடு கொதிக்கிற தண்ணீரும் அடியிலிருந்து ஏறி, அந்த ஏழு படைகளுக்குள்ளும் புகுந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் என்று நிதானமாக விளக்கினேன். மேலே இருக்கிற ஐந்தும் அப்படியே இருக்கின்றன, அதைக் கண்டுபிடித்ததே நீங்கள் பொருத்திக் கொடுத்ததால்தான் என்றேன்.

“அப்ப எனக்கு முதலே ஆரோ கழுவிப்போட்டினம்” என்றார். பெருமூச்சு விடுவது கேட்டது. “நான் அண்டைக்குப் பிறகு ஆர் என்ன கொண்டுவந்தாலும் கேட்டுப்போட்டுத்தான் கழுவுறனான். போன மாசம் வந்த தம்பி ஒரு போத்தில் நிறையச் சேறு கொண்டுவந்தவர். அதையும் கேட்டனான்.”

“இனிமே பழையபடி கேட்காமலே கழுவுங்க அக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்லை” என்றேன்.

“ஏலாது பிள்ளை” என்றார். “கேட்டால்தானே அது என்னெண்டு எனக்குச் சொல்லுவினம்.”